யார் காலுக்கு அந்தப் பெடல்?

தேவாலயத்தில் கால்மிதி ஆர்மோனியம் வாசிக்கும் மியூரியலுக்குக் கால் எட்டாது. ஸ்டூலின் நுனியில் தொற்றிக்கொண்டு மிதிப்பாள். பாட்டு முடிவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால், இரண்டு மிதிகளிலும் மரக்கட்டை வைத்து மேலே தோல் ஒட்டியிருந்தது. யார் செய்தது என்று போதகர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அது தன் பழைய கைப்பையின் தோல் என்று ஹில்டாவுக்கு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கணவர் ஆர்னால்ட், பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து அதே தோல் அவள் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

ஆர்னால்ட், இங்கிலாந்தில் ஹீனர் என்ற சிற்றூரில் காலுறை ஆலை மெக்கானிக். ஆறடி இரண்டங்குலம், வாயில் பத்து வார்த்தைக்கு மேல் வராது. ஐம்பத்தெட்டு வயதில் வீட்டை ஒட்டிய ஷெட்டில், பாகங்களை வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் வகைக் கார் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். இரும்புக் குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, அந்தக் காலத்துக் கார்போல வளைந்த மட்கார்டு என்று பெட்டி பெட்டியாக வந்தது. என்ஜினையும் கியரையும் ஓடாத ஒரு பழைய காரிலிருந்து கழற்றினார்.

"சவப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கு" என்றாள் ஹில்டா.

"மூடி கெடையாது, கண்ணு. எந்திரிச்சு வந்துடலாம்" என்றார் அவர்.

அந்த வகைக் காரில் சீட்டு நகராது. ஓட்டுகிறவரின் காலை அளந்து, அதற்கேற்ற இடத்தில் பெடலை வைத்துத் துளை போட வேண்டும். இதை அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். "சட்டை தைக்கிற மாதிரிதான். அடுத்தவனுக்குச் சேராது."

இலையுதிர் காலத்தில் ஒரு நாள், அவர் இல்லாத நேரம், ஹில்டா ஷெட்டைப் பெருக்கப் போனாள். விளையாட்டாக அந்தச் சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். கால் நேராகப் போய் கிளட்சில் பதிந்தது. அவள் ஐந்தடிகூட இல்லை. ஆர்னால்ட் அங்கே உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். ஹில்டா வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அப்படியானால் யாருக்கு?

மியூரியலும் ஐந்தடிகூட இல்லை. மியூரியல் கார் ஓட்டுவாள். மியூரியல் விதவை.

அதன்பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. வியாழக்கிழமைதோறும் உதிரிபாகம் வாங்க டெர்பி நகருக்கு பஸ்ஸில் போகிறவர் வெறுங்கையோடு திரும்பினார். தேவாலயத்தில் மியூரியல் அவரைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஹில்டா ஜெபிக்க முழங்காலிட்டால், "ஆண்டவரே" என்பதற்கு அடுத்த வார்த்தையே மியூரியலாக இருந்தது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனம் கையைவிட்டுப் போகிறது என்று பயந்தாள்.

"பெடல் ஏன் இவ்வளவு கிட்டக்க இருக்கு?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டாள்.

ஆர்னால்ட் பன்றிக்கறி அடைத்த பலகாரத்தை வெட்டிக்கொண்டே, "சும்மா பொருத்தி வெச்சிருக்கு. இன்னும் முடியல" என்றார். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். சிவந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவும்போது, ஹில்டா மியூரியலை மடக்கினாள்.

"எம் புருஷன் யாருக்குக் கார் கட்டுறார்னு உனக்குத் தெரியுமா?"

மியூரியல் கோப்பையைத் துடைத்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அடி பைத்தியமே! உன் ஆர்னால்ட எனக்குக் குடுத்தா ரெண்டாம் நாளே பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பிடுவேன். அந்த மனுஷன் வாயத் தெறக்க கிறிஸ்துமஸ் வரைக்கும் யார் காத்துக் கெடக்கறது?"

"அப்புறம் ஏன் அவரப் பாத்தா மூஞ்சியத் திருப்பற?"

சிரிப்பு நின்றது. "சொல்லாதன்னார். சொல்லாம இருந்தாலும் பாவம்தான் போல. எங்கம்மாவ வியாழக்கிழமை டெர்பி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்ல, அங்க வரிசையில அவரும் உக்காந்திருப்பார்."

ஹில்டா கோட்டைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு நடந்தாள். ஷெட்டில் ஆர்னால்ட் மட்கார்டு நட்டு ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார். மரை சேர்ந்ததா என்று கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வசந்த காலத்துலேர்ந்து. நடுவுல ஒரே மங்கல். ஓரந்தான் தெரியுது. லைசென்ஸத் திருப்பிக் குடுத்துடணும்."

"அப்புறம் எதுக்கு இதக் கட்டற?"

"பாதி முடிஞ்சிருந்துது. பெடலக் கழட்டி உன் காலுக்கு நகத்திட்டேன். நீ தூங்கறப்போ கால அளந்துகிட்டேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாது!"

"கத்துக்குவ."

"ஒரு வார்த்த கேட்டியா என்ன? நான் இங்க மியூரியல வெச்சு... ஐயோ!" என்று அழுதாள். மியூரியல் இதில் எங்கே வந்தாள் என்று அவருக்குப் புரியவே ரொம்ப நேரம் பிடித்தது. புரிந்ததும் வெட்கத்தில் அவருக்கு இரண்டு காதும் சிவந்தன.

ஹில்டா இரண்டு தடவை பரீட்சையில் தோற்று, மூன்றாவதில் தேறினாள். பன்னிரண்டு கோடைகாலம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலைப் பாதைகளில் ஓட்டினாள். வளைவு வருவதைச் சத்தத்தை வைத்தே அவர் சொல்வார்.

கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒரு மாலை, பார்வையாளர் நேரம் முடிந்தும் ஹில்டா எழுந்திருக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ. அவள் கையை மெல்லத் தட்டினார்.

"என்னப் பாத்தது போதும். கெளம்பு, கண்ணு, ரோட்டப் பாரு."