விரல் நுழையாத வாய்

அன்று காலை பல் துலக்கப் போனபோது பிரஷ் வாய்க்குள் போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். சுண்டுவிரல்கூட நுழையவில்லை. இடது தாடையிலிருந்து கழுத்து வரை வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. எச்சில் விழுங்கினால் காது வரை வலித்தது.

சம்பா நடவு தொடங்கியதிலிருந்தே கடைவாய்ப் பல்லில் குடைச்சல் இருந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். நடவு முடியட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் சித்தப்பா தஞ்சாவூரில் பல் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தார். வாயில் துண்டை அழுத்தியபடி இறங்கினார். துண்டு முழுக்க ரத்தம். சட்டையிலும் வழிந்திருந்தது. இன்றைக்கும் அவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்தத் துண்டைப் பார்த்த நாளிலிருந்து, பல் டாக்டர் போர்டு இருக்கும் பக்கமே நான் நடப்பதில்லை.

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீடியோவில் கூப்பிட்டேன். என்னால் முனக மட்டும்தான் முடிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் பதறிப் போனார்.

"இரு, அண்ணிகிட்டச் சொல்றேன்" என்றார். வேண்டாம் என்று நான் கையாட்டுவதற்குள் போனை வைத்துவிட்டார்.

அண்ணி என்றால் அவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. பக்கத்து வீடுதான். குறுவைக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது, யார் வயலுக்கு முதலில் மடை திறப்பது என்று வாய்க்கால் கரையில் எங்களுக்குள் பெரிய சண்டை. அவர் ஒரு வார்த்தை சொன்னார், நானும் ஒன்று சொன்னேன். அதிலிருந்து பேச்சு இல்லை.

ஓரகத்தி தலையில் ஈரத் துண்டோடு வந்து நின்றார். என் கழுத்தை உற்றுப் பார்த்தார்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

நான் வாயைக் காட்டினேன்.

"சரி, பேசாத. பொடவைய மாத்திக்கிட்டு வா."

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். அவர் தோளைப் பிடிக்க மனம் வரவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரத்தநாடு தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. தாடையில் வலி பிடுங்க, தோளைக் கெட்டியாகப் பற்றினேன். தஞ்சாவூர் போகும்வரை விடவில்லை.

டாக்டர் என்னைவிட இளைய பெண். சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். தாடைக்கு அடியில் விரலை வைத்து அழுத்தியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"முழுங்க முடியுதாங்க? மூச்சு விடச் சிரமமா இருக்கா?"

அவர் குரலே மாறியிருந்தது. உடனே எக்ஸ்ரே எடுத்தார். எக்ஸ்ரேயில் என் ஞானப்பல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா சீழ் கழுத்துக்குள்ள எறங்கியிருக்கும். மூச்சையே அடைச்சிடும்ங்க. மொதல்ல ஊசி போட்டு வீக்கத்தக் கொறைக்கணும். வாய் தெறந்தாத்தான் பல்லை எடுக்க முடியும். நடுவுல மூச்சு முட்டுற மாதிரி இருந்தா எனக்காகக் காத்திருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடைசிப் பேச்சுதான் காதில் நின்றது. படுத்தால் தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கும், எழுந்து உட்காருவேன். உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும். இது பயமா, மூச்சுத்திணறலா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. சோறு வேகும் வாசனை வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். ஆனால் கஞ்சியை உறிஞ்சத்தான் வாய் இருந்தது. அந்தக் கஞ்சியும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. தினமும் ஊசிக்கு ஓரகத்திதான் கூட்டிப்போனார். வழியில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

வீக்கம் வடிந்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. பல் எடுக்கும் நாள் வந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்தபோது எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. மரப்பு ஊசி போட்டார். உதடும் நாக்கில் பாதியும் என்னுடையதாக இல்லாமல் போயின.

"அழுத்தம் தெரியும், வலி தெரியாது" என்றார் டாக்டர்.

வலி தெரியவில்லைதான். ஆனால் பல்லை அறுக்கும் சத்தம் மண்டை முழுக்க ஓடியது. பிறகு குறடு மாதிரி ஒன்றை வைத்து நெம்பினார். என் தலையே அந்தப் பக்கம் போனது. 'டக்' என்று ஏதோ முறிந்தது. தாடைதான் உடைந்துவிட்டது என்று நினைத்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

அவர் உடனே நிறுத்தினார். கோபப்படவில்லை.

"வலிக்குதா, பயமா இருக்கா?"

கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. ஈறை ஒரு கருவியால் தொட்டு, "இது வலிக்குதா?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன்.

"அப்ப பயம்தான். பயந்துக்குங்க, ஒண்ணும் தப்பில்ல. கை மட்டும் மேல வரக் கூடாது. ஒரு வேர் உடைஞ்சு உள்ள நின்னுடுச்சு, அத எடுத்துட்டா முடிஞ்சுது. கூட வந்தவங்களக் கூப்பிடவா?"

ஓரகத்தி உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது. தட்டில் கிடந்த ரத்தப் பஞ்சைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மாரியம்மா, மாரியம்மா" என்று முணுமுணுத்தார்.

"நீங்க வெளியில உக்காருங்கம்மா. மயக்கம் போட்டுடப் போறீங்க" என்றார் டாக்டர்.

"நான் போனா இவ எழுந்திரிச்சு ஓடிடுவா. நீங்க எடுங்க."

வேர் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. "முடிஞ்சுதுங்க" என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் ஓரகத்தியின் கையை விடவில்லை. அவரும் கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டுதான் படி இறங்கினோம்.

கீழே ஒரு கடையில் அவர் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கினார். பஞ்சைக் கடித்தபடியே நுனிநாக்கால் நக்கினேன். மரத்துப்போன உதட்டிலிருந்து அது வழிந்தது. தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"அன்னைக்கு நான் அந்த வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றார். நான் ஏதோ பதில் சொன்னேன். பஞ்சை வைத்துக்கொண்டு சொன்னது அவருக்குப் புரியவில்லை. "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். அப்போதும் புரியவில்லை. இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் ஐஸ்கிரீம் மறுபடி வழிந்தது.

மடைத் தகராறு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறைத் தண்ணீர் வந்தபோதும் வாதாடினோம். ஆனால் பேசித்தான் வாதாடினோம்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் காட்டினார். வலது பக்கத்திலும் ஒரு பல் அதே மாதிரி படுத்திருந்தது. அது தொந்தரவு தருவதற்குள் எடுத்துவிடலாம் என்றார். எனக்கு அங்கேயே வியர்த்துவிட்டது. என் ஓரகத்தி என்னைக் கேட்காமலே, "எடுத்துடுங்க டாக்டர். கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு" என்றார்.