அடுப்பு இல்லாத அறை

துபாய்க்குப் போகலாம் என்று முதலில் சொன்னவள் மகள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் மூன்று பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இருக்கின்றனவாம். சின்ன வயதில் அவளை ஒரு ராட்டினத்தில்கூட ஏற விடாமல் வளர்த்தோம். அதற்கு இதுதான் தண்டனை என்று சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் எங்களோடு ஒரு பயணம் போய்விட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பக்கத்திலிருந்து பார்த்தார். நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இதாக்கும் உனக்காகத் தேடிப் பிடிச்ச ஹோட்டல். அடுப்பு, குக்கர், பிரிட்ஜ் எல்லாம் ரூமுக்குள்ளயே இருக்கு. பார்க்கிலேர்ந்து கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சாளக்கிராமம் உண்டு. தலைமுறை தலைமுறையாக வந்தது. அதை வைத்திருக்கிற வீட்டில் ஒருநாளும் நைவேத்யம் தவறக் கூடாது. வெளியூர் போனாலும் வெள்ளிச் சம்புடத்தில் பெருமாள் கூடவே வருவார். பூஜை செய்வது இவர். சாதம் வடித்துக் கொடுப்பது நான். இந்த ஸ்ரீவராகம் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, ஒதுங்கி உட்கார்ந்த நாட்கள் போக, விடிந்தால் அடுப்புதான். அதில் எனக்கு மனக்குறை கிடையாது. பெருமாள் சாப்பிட்ட பிறகுதான் எனக்குப் பசியே வரும். ஆனாலும் கடல் தாண்டிப் போகிற இடத்திலும் ஓர் அடுப்பு எனக்காகக் காத்திருக்கிறது என்றபோது, சொல்லத் தெரியாத ஓர் ஆயாசம் வந்தது.

"அப்படின்னா ஒரு நாளைக்கு ஒரு பார்க் டிக்கெட் போறும்," என்றார் இவர். "உச்சி நைவேத்யத்துக்கு ரூமுக்கு வந்துடணுமே."

"அப்பா, கேட்டுக்கோங்கோ. பார்க் கேட் பக்கத்து ஹோட்டல் எடுத்தா ஒரே டிக்கெட்ல ஒரே நாள்ல மூணுலயும் மாறி மாறிப் போகலாம். அங்க அடுப்பு கிடையாது, ஆனா காலம்பற டிபனும் அவாளே தருவா. இவ்வளவு செலவழிச்சு உள்ள போயிட்டு, உச்சிக்கு ஓடி வந்து சாதம் வடிக்கறதா?"

"அம்மாவுக்கு அடுப்பு இல்லாமச் சரிப்படாதுடி. வெளியில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா. உனக்குத் தெரியாதா?"

என்னைப் பற்றித்தான் பேசினார்கள். என் மேல் உள்ள அக்கறையில்தான் பேசினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. மகள் அந்த ஹோட்டலைத் திறப்பாள், இந்த ஹோட்டலைத் திறப்பாள், மறுபடி முதலிலிருந்து வருவாள். கடைசியில், "சரி, அடுப்பு இருக்கறதையே போட்டுடறேன்," என்று அவள் விரல் நகர்ந்தபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு அடுப்பு வேண்டாம்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"பெருமாளுக்குப் பாலும் பழமும் வைக்கலாம். யாத்திரையில அப்படி உண்டுதானே. எனக்கு யாராவது பண்ணி ஒரு தட்டுல வெச்சுத் தந்தாப் போறும். வெங்காயம் போட்டிருந்தா தயிரும் பழமும் சாப்பிட்டுக்கறேன்."

"நீயா பேசறே?" என்றார் இவர்.

"நான்தான். ஏன்னா, நான் சொன்னா ஆகாதா?"

மகள் உடனே கேட் பக்கத்து ஹோட்டலையும் மூன்று பூங்காவுக்கும் சேர்ந்த டிக்கெட்டையும் போட்டுவிட்டாள். பிறகுதான் சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வேண்டாம்னா கேன்சல் பண்ணலாம். அப்புறம் நடக்காது, கேட்டியாம்மா."

அந்த ஒரு வசதியை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். மறுநாள் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. பாலும் பழமும் போதும் என்று சொல்ல நான் யார்? சாதம் வைத்த கையாலேயே பெருமாளைப் பட்டினி போடுகிறேனா? சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். மகள் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். "என்னம்மா, மாத்தணுமா?" "இரு, சொல்றேன்," என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் எங்கள் தெருக் கோயிலில் வராக மூர்த்தி சன்னதியில் போய் நின்றேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கூட்டம் நெருக்கியது, நகர்ந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்றே? மாத்தணும்னா இப்பவே சொல்லு."

"அங்க டிபன் எத்தனை மணிக்குத் தருவா?"

"ஆறரைக்கு மேலன்னு போட்டிருந்தது."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணுவேன்?"

"தூங்கு," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "மாத்த வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் நைவேத்யத்தில் சாதத்தோடு ஒரு கிண்ணம் பாயசமும் வைத்தேன். அதற்கு மறுநாளும். இவர் நாலு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"எனக்குச் சர்க்கரை இருக்குன்னு ஞாபகம் இருக்கா? பெருமாளுக்கு முன்கூட்டியே ஈடு கட்டறயாக்கும். சாப்பிடறது நானல்லவா?"

பாயசத்தை நிறுத்தவில்லை, வெல்லத்தைத்தான் குறைத்தேன். கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. பூஜை அறையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே ஏதோ உறுத்துகிறது. ஆனாலும், இப்போது மாற்ற முடியும் என்றாலும்கூட, அடுப்பு இல்லாத அந்த ஹோட்டல் அறையை மாற்றச் சொல்ல எனக்கு மனசு வராது.