அன்புக்கரசி கை நனைத்த வீடு

அன்புக்கரசிக்கு வாயே பாதி மருந்து என்று விருத்தாசலத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்களில் சிலர் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், மற்றவர்கள் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். பாலக்கரைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன நர்சிங் ஹோமில் அவள்தான் மூத்த நர்ஸ். அங்கே டாக்டர் தேவநாதன் கெட்டிக்காரர்தான், ஆனால் ஆளின் முகத்தைப் பார்ப்பதைவிட ரிப்போர்ட்டைப் பார்த்துப் பேசுவதே அவருக்கு வசதி. முகத்தைப் பார்க்கிற வேலையை அன்புக்கரசி எடுத்துக்கொண்டாள்.

நல்லூரில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் அவளுடையது. நர்சிங் படித்துவிட்டுச் சில வருஷம் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தாள். அங்கே வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லச் சொல்வார்கள். ஊர்ப்பக்கத்து அம்மாள் ஒருத்தி, "வலிக்கு எப்படிம்மா மார்க்கு போடறது?" என்று கேட்டு அழுதுவிட்டாள். இந்த இடம் நமக்கு ஒத்துவராது என்று அன்றைக்கே அன்புக்கரசிக்குத் தோன்றிவிட்டது. விருத்தாசலத்தில் மாப்பிள்ளை அமைந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இங்கே வந்தபிறகு அவள் ராஜ்ஜியம்தான். ஐம்பதைத் தாண்டாதவளைப் பாட்டி என்று கூப்பிட்டால் அவள் மாத்திரையைக்கூட வாங்கமாட்டாள் என்பது அன்புக்கரசிக்குத் தெரியும். கம்மாபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் நிலம் நீச்சு பற்றிப் பேச்சுக்குக்கூடக் கேட்கமாட்டாள், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய்விடுமோ என்று தூக்கம் கெட்டவர்களுக்கு அந்தக் கேள்வியே பிரஷரை ஏற்றிவிடும். டாக்டரிடம் சொல்லக் கூசுகிற பெண்களை மருந்து ரூமுக்குள் கூட்டிப்போய்ப் பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்கிவிடுவாள். வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு யக்கா, மாமா, சித்தப்பாதான். இதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கவும் தெரியாது.

புதிதாகப் படித்துவிட்டு யுவஸ்ரீ என்றொரு நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். இன்சுலின் போடும் முன்னால் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை இட்லி, தட்டு எங்கே என்று சர்க்கரைக்காரர்களைக் குடைந்து எடுப்பாள். பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அன்புக்கரசி அவளை ஓரங்கட்டினாள். "போலீசு விசாரண மாதிரி கேக்காத யுவா. சாப்ட்டீங்களான்னு கேளு, சொல்லிடுவாங்க. நம்ம ஜனங்கள எனக்குத் தெரியும்." சின்னவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

வேம்பு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

குயவர் தெருக்காரி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். பீங்கான் யூனிட் ஒன்றில், இன்னும் வேகாத பச்சைச் சாமான்களைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குத் தூக்கிப் போகிற வேலை. நாள் முழுக்கக் காலில் நிற்க வேண்டும். அந்தக் காலில்தான் உடைந்த பீங்கான் துண்டு ஏறிவிட்டது. சர்க்கரை முற்றியதால் பாதத்தில் உணர்வில்லை, குத்தியதே தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தாள். பெருவிரலுக்குப் பக்கத்தில் புண் பழுத்து, ஓரம் கறுக்கத் தொடங்கியபின் மகன் மாணிக்கவேல் தூக்கிக்கொண்டு வந்தான். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். சர்க்கரை கட்டுக்குள் நின்றால் விரலோடு போகும், இல்லையென்றால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் இல்லாவிட்டால் யூனிட்டும் இல்லை, புருஷன் இல்லாத வேம்புவுக்குத் தன் சம்பாத்தியம் என்று ஒன்றும் இல்லை.

வேம்புவும் அன்புக்கரசியும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி "யக்கா" என்றாள், மற்றவள் "அன்பு" என்றாள். சிரிப்பும் கேலியுமாகப் புண்ணைக் கட்டி முடித்துவிடுவார்கள்.

அந்த நர்சிங் ஹோமில் சாப்பாடு கிடையாது. அவரவர் வீட்டிலிருந்து கேரியர் வரவேண்டும். காலையில் வார்டில் கேரியர்கள் திறக்கிற சத்தத்தை வைத்தே யார் மருமகள் எப்படி என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கட்டில்காரியிடம் "ஒரு வாய் சாப்டுங்க" என்று நீட்டாமல் யாரும் சாப்பிடமாட்டார்கள். அடுத்த கட்டில் ராஜம்மாளின் கண் எப்போதும் அடுத்தவர் கேரியரில்தான்.

ஒரு நாள் காலையில் வேம்புவுக்குச் சாப்பாடு வரவில்லை. மருமகள் காவியா முந்தின நாளே சண்டை போட்டுக்கொண்டு பெண்ணாடத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாணிக்கவேல் லோடு ஏற்றிக்கொண்டு போன இடத்தில் வண்டி நின்றுவிட்டது. "டீக்கடையில சொல்லி எதனா வாங்கிக்கம்மா" என்று போனில் சொன்னான். கடையில் வாங்கினால் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று வார்டுக்கே தெரிந்துபோகுமே! எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, வேம்பு நேற்றைய காலிக் கேரியரை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குழாயடிக்குப் போனாள். அடுக்கு அடுக்காகக் கழற்றிக் கழுவினாள்.

இன்சுலின் ஊசியோடு வந்த அன்புக்கரசி அதைப் பார்த்தாள்.

"சாப்ட்டீங்களாக்கா?"

"ஆச்சு அன்பு. இட்லி."

அவ்வளவுதான். வேம்பு கட்டிலுக்கு வந்ததும் அன்புக்கரசி ஊசியைப் போட்டுவிட்டாள்.

சாப்பிட்டீர்களா என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் யார் இல்லை என்று சொல்வார்கள்? சொன்னால் கேட்டவர் சோறு போட்டாக வேண்டும், போட வேண்டியவர் மானமும் போகும். அன்புக்கரசியே வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வந்து இறங்கி, வாட்ச்மேன் கேட்டால் "ஆச்சுண்ணே" என்கிறவள்தான். நம்ம ஜனங்களைத் தெரியும் என்று சொன்னவளுக்கு அந்த நிமிஷத்தில் தன்னையே தெரியாமல் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ராஜம்மாள் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வேம்பு தொப்பலாக வியர்த்துக் கிடக்கிறாள், கண் செருகுகிறது, கேட்டதற்குப் பதில் இல்லை. யுவஸ்ரீ சர்க்கரையைப் பார்த்தாள், அடிமட்டத்தில் இருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இமை லேசாக அசைந்தது. அன்புக்கரசி காதை வாயருகே கொண்டுபோனாள்.

"பசிக்குது" என்றாள் வேம்பு, குழந்தை போல.

அது அன்புக்கரசிக்கு மட்டும்தான் கேட்டது.

டாக்டர் வருவதற்குள் வேம்பு தெளிந்துவிட்டாள். தெளிந்ததும் பழைய வேம்புதான். "சாப்ட்டுதாங்க சார் ஊசி போட்டுக்கினேன். நாலு இட்லி" என்றாள், ராஜம்மாளுக்கும் கேட்கிற மாதிரி.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "சாப்பிட்டும் சுகர் இப்படி விழுதுன்னா கிட்னியும் போவுதோ என்னவோ. இன்சுலின நிறுத்துங்க சிஸ்டர். இனிமே இங்க வெச்சிப் பாக்க முடியாது. பாண்டி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

பாண்டி என்றதும் வேம்புவின் முகம் செத்துவிட்டது. அவள் யூனிட்டிலிருந்து புண்ணோடு பாண்டிக்குப் போன கொளஞ்சிநாதன் ஒற்றைக் காலோடு திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவரும் புண்ணை முற்றவிட்டுத்தான் போனார், அது வேறு விஷயம்.

டாக்டர் நகர்ந்ததும் அன்புக்கரசி குனிந்தாள். "யக்கா, பசிக்குதுன்னு சொன்னீங்க. சாப்டலன்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாங்க. ஒங்க ஒடம்புல கோளாறு ஒண்ணும் இல்ல, வெறும் வயித்துல ஊசி போட்டதுதான் கோளாறு. அது என் தப்பு."

வேம்பு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஏற்றின குளுக்கோஸ் எல்லாம் அந்தப் பிடியில் இருந்தது.

"எம்புள்ள சோறு போடலன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியா? காலு போனா போவுது அன்பு. அவன் மானத்த வாங்கிடாத."

அன்புக்கரசி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். டாக்டரிடம் சொல்லாமல் இருந்தால் தன் தப்பும் மூடிக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு வந்ததும் உண்மை. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நேரே டாக்டர் ரூமுக்குப் போய், வேம்பு சாப்பிடவில்லை, தான் தட்டைப் பார்க்கவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நல்லவேள சொன்னீங்க. அப்ப பாண்டி வேணாம், இங்கயே பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அன்புக்கரசி நிம்மதியாக மூச்சு விட்டாள். ஒன்றே ஒன்று சொல்ல மறந்தாள். இதை வார்டில் வைத்துப் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை.

மத்தியானம் மாணிக்கவேல் கையில் பொட்டலத்தோடு ஓடிவந்தான். சட்டையெல்லாம் வண்டிக் கிரீஸ். டாக்டர் அப்போது வார்டில் நின்றுகொண்டிருந்தார். மனுஷன் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, பயந்துபோனதில் பேசினார்.

"ஏம்ப்பா, பெத்த அம்மாவப் பட்டினி போட்டுட்டு எங்க போன? இன்னிக்கு உசுரு போயிருக்கும், தெரியுமா?"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜம்மாள் மட்டும் "த்சொ, த்சொ" என்றாள். மாணிக்கவேலின் முகம் சுருங்கிப்போனது. வேம்பு டாக்டரைப் பார்க்கவில்லை, அன்புக்கரசியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அடுத்த அரை மணியில் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு மகன் போய்விட்டான். டாக்டர் சொல்லிப் பார்த்தார், யுவஸ்ரீ கெஞ்சிப் பார்த்தாள். எதற்காக அன்புக்கரசி வாயைத் திறந்தாளோ அந்தக் கால் ஊசியும் இல்லாமல் கட்டும் இல்லாமல் வீட்டுக்குப் போயிற்று.

சாயங்காலம் டூட்டி முடிந்ததும் டாக்டரே மருந்துப் பையை எடுத்து வைத்தார். "நான் அங்க வெச்சிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க போய்ப் பாருங்க" என்றார்.

போகிற வழியெல்லாம் மன்னிப்பு வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். குயவர் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு, வாசலில் குட்டியானை. மாணிக்கவேல் வாசல் நிலையை மறித்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் என்ன பேசணும் ஒங்களுக்கு?"

அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் தெரிந்தன. இங்கே நின்று மன்னிப்புக் கேட்டால் வார்டில் போன மானம் தெருவிலும் போகும். அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் உதவாதவை என்று அன்புக்கரசிக்கு விளங்கியது.

"பேச வரல தம்பி. டூட்டி முடிஞ்சி நேரா வரேன். வூட்டுல சோறு இருந்தா போடுப்பா."

மாணிக்கவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தான். நல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து அந்தத் தெருவுக்குப் பானை வாங்க எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்ததே பெரிய விஷயம், யாரும் சோற்றில் கை நனைத்ததில்லை. அன்புக்கரசியும் பொங்கல் பானை வாங்க வந்து வாசலோடு திரும்பியவள்தான். யக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டாளே தவிர, அந்த யக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அவன் வழியை விட்டான்.

உள்ளே வேம்பு சுவரில் சாய்ந்து, மடித்த சேலைமேல் காலை நீட்டியிருந்தாள். முகம் கொடுக்கவில்லை. மாணிக்கவேல் அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினான், புளியைக் கரைத்து ரசம் வைத்தான், முட்டை பொரித்தான். பழக்கமில்லாத கை, பாத்திரங்கள் இடித்துக்கொண்டன.

இரண்டு தட்டில் சோறு வந்தது. அன்புக்கரசி கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள், தட்டைத் தொடவில்லை.

"சாப்டு" என்றாள் வேம்பு, சுவரைப் பார்த்து.

"நீங்களும் வாங்கக்கா."

"வந்தவங்க சாப்ட்டப்பறந்தான் நாங்க சாப்டுவோம்."

"அப்ப இருக்கட்டும். நான் காத்திருக்கேன்."

காலையிலிருந்தே வேம்பு ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று அன்புக்கரசிக்குத் தெரியும். கேட்கவில்லை. இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்கிற தைரியமும் அவளுக்கு இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாணிக்கவேல் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். ரசத்தின் ஆவி அடங்கியது. வந்தவள் தட்டைத் தொடாமல் இருப்பது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய குறை என்று மூன்று பேருக்குமே தெரியும்.

கடைசியில் வேம்பு தட்டை இழுத்தாள். "புள்ள ஆக்குனது ஆறிப்போவுது" என்று முணுமுணுத்து ஒரு வாய் வைத்தாள். அதன்பிறகுதான் அன்புக்கரசி சோற்றில் கை வைத்தாள். ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தது. வேம்பு தட்டை வழிக்கும்வரை, மறு சோறு வாங்கி அவளும் கூடவே சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் சர்க்கரையைப் பார்த்து, அளவு பார்த்து ஊசி போட்டாள். கட்டை அவிழ்த்து டார்ச் அடித்தாள். விரல் நிலைக்காது. ஆனால் கறுப்பு அதற்கு மேல் ஏறவில்லை. சோறும் ஊசியும் தவறாமல் போனால் கால் நிற்கும்.

"நாளைக்கும் வரேங்கக்கா."

வேம்பு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது, ஒரு துளி குறையவில்லை.

"வா. வந்து சாப்டு, ஊசி போடு. ஆனா எம்புள்ள ஆக்குன சோத்தப் பத்தி வெளிய பேசாத அன்பு. நல்லாருந்துச்சின்னுகூடச் சொல்லாத."

"சொல்லமாட்டேங்கக்கா" என்றாள் அன்புக்கரசி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து கட்டை இறுக்கினாள்.