கிடாவின் மேல் ஏற மறுத்த டார்கஸ்

டார்கஸ் ஹெல்யர் கணவனைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம் பசுக்களைக் கறந்த பிறகுதான் அழ உட்கார்ந்தாள் என்று எங்கள் ஆல்டர்கோம்ப் கிராமத்தில் சொல்வார்கள். சிலர் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் குறையாக. அன்று பசுக்களுக்கு மடி கனத்திருந்தது என்பது மட்டும் நிஜம்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிள்ளைகள் இல்லை. சைலஸ் ஹெல்யர் விட்டுப்போனவை பதினோரு ஏக்கர் நிலம், ஒரு கல் வீடு, மேற்குச் சரிவில் ஆப்பிள் தோட்டம், அவனைக் கீழே தள்ளிக் கொன்ற சாம்பல் நிறப் பெண்குதிரை. நிலம் ஊர்ப் பிரபுவின் பண்ணைக்குச் சொந்தமானது. எங்கள் பண்ணையின் பழைய வழக்கப்படி, குடியானவன் இறந்தால் அவன் மனைவி தன் ஆயுள் முடியும்வரை நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனியாகவும் ஒழுக்கமாகவும் இருக்க வேண்டும். மறுமணம் செய்தால் நிலம் போயிற்று, தவறி நடந்தாலும் போயிற்று. டார்கஸிடமிருந்து போனால் அது சைலஸின் தம்பி ஏபலுக்குப் போய்ச் சேரும்.

தவறியவளுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. பண்ணை மன்றம் கூடும் நாளில், கறுப்புச் செம்மறிக் கிடாவின் மேல் வால் பக்கம் பார்த்து உட்கார்ந்து, வாலைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, தன் தப்பை ஒப்புக்கொள்ளும் கோணங்கிப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். பாடினால் நிலம் திரும்பக் கிடைக்கும். அறுபது வருடத்துக்கு முன் ஒருத்தி அப்படி வந்தாளாம். அவள் பெயர் யாருக்கும் நினைவில்லை. கிடா யாருடையது என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது.

சைலஸ் இறந்த மறு வருடம், 1817 வசந்தத்தில், ஆம்ப்ரோஸ் கிட்லி எங்கள் ஊருக்கு வந்தான். போர் முடிந்து அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லெப்டினன்ட். பாத் நகரத்தில் அவன் அடித்த கூத்துகள் அவனுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தன. பெண்கள், சீட்டாட்டம், மறுபடி பெண்கள். அப்பா விட்ட சொத்து கரைந்துபோக, முரட்டுக் குதிரைகளைப் பழக்கிப் பிழைக்க வந்தான். நல்ல உயரம், நல்ல முகம், நல்ல வாய். அவன் தெருவில் போனால் தாய்மார்கள் பெண்களை உள்ளே கூப்பிட்டார்கள். வந்த ஒரு மாதத்துக்கெல்லாம் அவனிடம் சேணம் இல்லாமல் போனது. குதிரை முதுகில் ஒரு கோணியைப் போட்டு அதன் மேல் ஏறித் திரிந்தான். கேட்டால் சிரித்தான்.

அவன் முதலில் டார்கஸின் வேலிக் கதவுக்கு வந்த நாளைப் பற்றி அவள் பக்கத்து வீட்டுக்காரி கெசையா பர்ஜ் நிறைய சொல்வாள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

"இங்க ஒரு குதிரை யாருக்கும் அடங்க மாட்டேங்குதாமே?"

"அடங்காதுதான். நீங்க அங்கேயே நில்லுங்க, கொண்டுவந்து விடறேன்."

"ஏன், என்னைப் பார்த்தா பயமா இருக்கா?"

"உங்களைப் பார்த்து இல்லே. உங்க பூட்ஸைப் பார்த்து. இப்பத்தான் தரையைக் கழுவினேன்."

மூன்று மாதம் கீழ்ப் புல்வெளியில் அவன் அந்தக் குதிரையோடு மல்லுக்கட்டினான். மத்தியானம் அவள் ஒரு கோப்பை ஆப்பிள் மதுவைக் கொண்டுவந்து வேலிக் கம்பத்தின் தலையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவன் அதை நின்றுகொண்டே குடிப்பான். வேடிக்கைக் கதைகள் சொல்வான், அவள் சிரிக்க மாட்டாள். ஒரு நாள் குதிரை அவன் தொப்பியைக் கவ்வித் தண்ணீர்த் தொட்டியில் போட்டது. அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள், அதுவும் குதிரையைப் பார்த்து.

ஒரு மத்தியானம் அவன் பாத்தில் தொப்பி தைக்கும் பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னான். கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்ததையும், அவள் புது உடுப்பு தைத்துக்கொண்டு தேவாலயப் படியில் காத்திருந்ததையும், தான் எதிர்க் கடை மாடியிலிருந்து நண்பர்களோடு அதை வேடிக்கை பார்த்ததையும். எல்லா விடுதியிலும் சிரிப்பு வாங்கிய கதை அது.

டார்கஸ் கோப்பையை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

அவனுக்குத் தெரியவில்லை. அதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. எட்டாம் நாள் வந்தான்.

"பாத்துக்குப் போயிருந்தேன். அவ அங்கேதான் இருக்கா. சொந்தமா கடை வெச்சிருக்கா. மன்னிப்புக் கேக்கப் போனேன், கதவை என் முகத்துல சாத்திட்டா."

"பலமா சாத்தினாளா?"

"பலமாத்தான்."

"நல்லது" என்றாள் டார்கஸ். அன்று கோப்பையை அவன் கையிலேயே கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவன் விடுதிப் பக்கம் போகவில்லை. குதிரை அடங்கிய பிறகும் வந்துகொண்டிருந்தான், எப்போதும் பகலில், எப்போதும் வேலிக்கு வெளியே. இலையுதிர் காலத்தில், ஆப்பிள் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டே, என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா என்று கேட்டான்.

"செஞ்சா இந்த நிலம் போயிடும்."

"தெரியும். நான் கேட்டது தப்பு."

"தப்புன்னு நான் சொல்லலையே. யோசிக்கணும்னு சொல்ல வந்தேன்" என்றாள். அந்தத் தோட்டத்தில் பாதி மரம் அவள் கையால் ஒட்டுக் கட்டியது. யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மே மாதம் வந்து, அந்தக் குதிரைக்குக் குட்டி போடும் நேரமும் வந்தது. ராத்திரி, வயிற்றுக்குள்ளேயே குட்டி கால் மடங்கி மாட்டிக்கொண்டது. டார்கஸ் கெசையாவை அனுப்பி ஆம்ப்ரோஸை வரவழைத்தாள். கெசையா பாதியில் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போக நேர்ந்தது. விடியும்போது குட்டி உயிரோடு வெளியே வந்தது. ஈரத்தில் நடுங்கிய அதைத் தன் கோட்டைக் கழற்றிச் சுற்றிவிட்டு அவன் சட்டையோடு நின்றான். டார்கஸ் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு கோட்டை நீட்டினாள். அதைப் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கியவன் எதிரே ஏபல் ஹெல்யர் பால் வாளியோடு வந்தான். இறந்துபோன தன் அண்ணனின் பித்தளைப் பொத்தான் கோட்டை ஆம்ப்ரோஸ் கிட்லியின் உடம்பில் பார்த்தான்.

பண்ணை மன்றம் பதினைந்து நாளில் கூடியது. ஏபல் புகார் கொடுத்திருந்தான்.

கெசையா ஓடிவந்தாள். "அடி டார்கஸ், நான் மட்டும் அன்னிக்குப் போகாம இருந்திருந்தா! சரி, இப்ப சொல்றதைக் கேளு. பேசாம கிடா மேல ஏறிடு. ரெண்டே நிமிஷம். ஊரு சிரிக்கும், நீயும் சேர்ந்து சிரி. வாழ்நாள் பூரா தோட்டம் உன்னோடது. ஏபல் மூஞ்சியை நினைச்சுப் பாரு!"

"ஏறினா செஞ்சேன்னு அர்த்தம்."

"அர்த்தம் இருந்துட்டுப் போகட்டும்டி! யாரு அதைத் திங்கப் போறா?"

"நான் செய்யலையே, கெசையா" என்றாள் டார்கஸ்.

மன்றம் விடுதியின் நீள அறையில் கூடியது. ஊரே திரண்டிருந்தது. ஏபல் தன் கையாலேயே ஒரு கறுப்புக் கிடாவைக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டியிருந்தான். நிலம் போனாலும் போகட்டும், அண்ணி அதன் மேல் உட்காருவதைப் பார்த்தால் போதும் என்று விடுதியில் சொன்னானாம். பன்னிரண்டு நடுவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் கொல்லன் டேனியல், கெசையாவின் புருஷன்.

பண்ணைக் காரியஸ்தர் வயதானவர், இரக்கமுள்ளவர். "அம்மா, கிடா வெளியே இருக்கு. வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏறிட்டீங்கன்னா விஷயம் இதோட முடிஞ்சது."

"ஏறமாட்டேன் ஐயா. நான் எந்தத் தப்பும் செய்யலை."

"அப்ப அந்தக் கோட்டு தானா நடந்து போச்சா அண்ணி?" என்றான் ஏபல். அறை சிரித்தது.

ஆம்ப்ரோஸ் எழுந்து நடந்ததைச் சொன்னான். யாரும் கேட்கவில்லை. அவன் பைபிளின் மேல் கை வைத்ததும் பின்னாலிருந்து ஒருவன், "புத்தகம் தீப்பிடிக்கப் போகுது, தண்ணி கொண்டாங்கடா!" என்று கத்தினான். சிரிப்பு அடங்கவே இல்லை. டார்கஸ் மட்டும் நேராக நின்றாள். அவள் கழுத்தில் சிவப்பு ஏறியிருந்தது.

ஆம்ப்ரோஸ் பைபிளிலிருந்து கையை எடுத்தான். வெளியே போனான். ஓடிப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கிடாவின் மேல் உட்கார்ந்திருந்தான், வால் பக்கம் பார்த்தபடி.

மாவட்டத்திலேயே நன்றாகக் குதிரை ஏறுகிறவன். கால் இரண்டும் தரையில் இழுபட்டன. கிடா அறையின் நடுவில் நின்று, ஒரு நடுவரின் தொப்பியை மென்று தின்ன ஆரம்பித்தது. பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"பாட்டுப் பாடு கிட்லி!"

"எனக்குப் பாட வராது. சொல்றேன்" என்றான். "பாத்துல ஒரு பொண்ணைத் தேவாலயப் படியில நிக்க வெச்சு வேடிக்கை பார்த்தேன். அவ பேரைச் சொல்ல மாட்டேன். அது அவளோட பேரு. என்னைத் தம்பி மாதிரி நினைச்ச ஒருத்தரோட பெண்டாட்டியை அவர்கிட்டேருந்து பிரிச்சேன். அவர் போர்ல செத்தாரு. நான் போய்ப் பார்க்கக்கூட இல்லே."

சிரிப்பு குறைந்தது.

"இந்த அம்மா வீட்டுக்கு நான் மொதல்ல வந்ததே பந்தயத்துக்கு. ஒரு மாசத்துக்குள்ள அவங்க சமையல்கட்டுல உக்காந்து ஒரு கோப்பை குடிப்பேன்னு இதே விடுதியில பந்தயம் கட்டினேன். என் சேணத்தை வெச்சேன். தோத்தேன். அதோ, அடுப்புக்கு மேல தொங்குது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விடுதிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டார்கஸ் பார்க்கவில்லை. அவள் ஆம்ப்ரோஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் கருணை இல்லை.

அந்த நேரத்தில் கிடா துள்ளி அவனைத் தரையில் தள்ளியது. அவன் எழுந்து, தூசியைத் தட்டாமலேயே முடித்தான். "ஒரு வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்தச் சமையல்கட்டுக்குள்ள நான் கால் வெச்சதில்லே. அவ்வளவுதான்."

நடுவர்கள் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். பிறகு டேனியல் எழுந்தான். நிதானமாகப் பேசுகிறவன்.

"காரியஸ்தர் ஐயா, நாங்க படிச்சவங்க இல்லே. ஆனா ஒண்ணு தோணுது. இவங்க ரெண்டு பேரும் பொய் சொல்றவங்களா இருந்தா, ஆமா செஞ்சோம்னுதான் சொல்லிருக்கணும். அந்தம்மா ஏறி, சிரிச்சு, நிலத்தோட வீட்டுக்குப் போயிருக்கும். இல்லேன்னு சொன்னாத்தான் நிலம் போற ஆபத்து. ஆபத்தைத் தேடி யாராவது பொய் சொல்வாங்களா? அந்தம்மா ஒழுக்கமாத்தான் இருக்கு. நிலம் அந்தம்மாவோடது."

காரியஸ்தர் எழுதிக்கொண்டார். ஏபல் கிடாவைப் பிடிக்கப் போனான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வேலிக் கம்பத்தின் மேல் கோப்பை இல்லை. ஆம்ப்ரோஸ் வந்து, காலிக் கம்பத்தைப் பார்த்துவிட்டு, குட்டிக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் போனான். நான்காவது வாரம் அவள் கதவருகே வந்தாள்.

"ஒரு சேணத்துக்கா?"

"ஆமா."

"புதுசா?"

"பழசு. தையல் விட்டுப்போனது."

அவள் காலிக் கம்பத்தைப் பார்த்தாள். "எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கோப்பை நின்னுடும்னு பயம்."

"நின்னுதுதான்" என்றாள். "நாளைக்கு வைக்கறேன்."

அக்டோபர் மன்றத்துக்கு டார்கஸ் தானாகவே போனாள். அதற்குள் தோட்டத்தில் ஒரு ஆப்பிள் விடாமல் பறித்து, பிழிந்து, பீப்பாயில் அடைத்து விற்றிருந்தாள். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் ஒரு கோலைக் காரியஸ்தர் கையில் ஒப்படைப்பது எங்கள் பக்கத்து முறை. அவள் கோலை நீட்டினாள்.

காரியஸ்தர் வாங்கவில்லை. "ஏம்மா, யாராவது கட்டாயப்படுத்தறாங்களா? மே மாசம் இதுக்காக அவ்வளவு அவமானப்பட்டீங்களே?"

"அப்ப எங்கிட்டேருந்து எடுத்துக்க வந்தாங்க ஐயா. இப்ப நானா கொடுக்கறேன்."

ஏபல் அங்கேதான் இருந்தான். நிலம் அவனுக்குத்தான் போயிற்று. அவன் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை என்பாள் கெசையா. "மொட்டை மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான், பாவம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று ஞாயிறு தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பாக அவர்கள் பெயர் வாசிக்கப்பட்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவன் கிடா போலக் கத்தினான், பாதிரியார் முறைத்தார். டான்டன் சாலை ஓரத்தில் இரண்டு அறைகளும் ஒரு குதிரைக் கொட்டகையும் உள்ள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். நிலம் போனாலும் குதிரையும் குட்டியும் அவளுடையவை. கூடவே ஒட்டுக் கட்ட ஒரு கட்டு ஆப்பிள் குச்சிகளை ஈரத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள்.

கல்யாணத்தன்று மழை. கெசையா மூட்டைகளோடு கூடவே போனாள், அதனால்தான் இது எனக்குத் தெரியும். டார்கஸ் முதலில் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். கோப்பையில் ஊற்றி மேஜை மேல் வைத்தாள். ஆம்ப்ரோஸ் வாசலுக்கு வெளியே, மழையிலேயே நின்றுகொண்டிருந்தான். பதினெட்டு மாதப் பழக்கம்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு உள்ளே வாங்க" என்றாள்.