அருள்மேரி அக்காவின் மூன்று சிலிண்டர் வண்டி

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தேன். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் வரும் நாள் அது. விட்டால் அடுத்து ஒரு வாரம் ஆகும். நான்காவது குடம் நிறைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அருள்மேரி அக்காவின் தம்பி சேவியர் பேசினார்.

"கவிதாம்மா, அக்கா போயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு அவங்களே போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள நுழையும்போதே முடிஞ்சிருச்சு."

"சரிங்கண்ணே, வாரேன்" என்றேன். மீதி இருந்த இரண்டு குடங்களையும் நிரப்பி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, மூடி போட்டேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. திரும்பி யாரிடமாவது சொல்லலாம் என்றால் வீட்டில் ஆள் இல்லை. ஏதாவது நடந்தால் நான் முதலில் சொல்வது அக்காவிடம்தான்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒட்டன்சத்திரம் போகும் வழியில் உள்ள எங்கள் மண், நீர் பரிசோதனைக் கூடத்தில் அவர் மூத்த ஆய்வாளர். விவசாயிகள் பழைய குளிர்பான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கொண்டுவருவார்கள். அதில் எவ்வளவு உப்பு, கத்தரிக்கு ஆகுமா, முருங்கைக்கு ஆகுமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. நாகல் நகரில் தனியாக இருந்தார். நான் கணவரைப் பிரிந்து திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்த ஆண்டு, "பஸ்சுல எதுக்கு நசுங்குற? என் வண்டியில இடது பக்கம் சும்மாதான் கெடக்கு" என்றார். பதினோரு ஆண்டுகள் அந்த இடது பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தேன்.

வெள்ளை நிறச் சின்னப் பெட்ரோல் கார் அது. பழைய வண்டியாக வாங்கியது. முதல் நாள் சாவியைத் திருப்பியதும் என் முழங்காலில் வைத்திருந்த சாப்பாட்டுப் பை அதிர்ந்தது. பயந்துவிட்டேன்.

"என்னக்கா, இப்படி நடுங்குது?"

"இதுக்கு மூணு சிலிண்டருதான். மூணு ஆளு கட்டிலைத் தூக்கிப் பாரு, ஒரு மூலை ஆடத்தான் செய்யும். நிக்கும்போதுதான் ஆட்டமெல்லாம். ஓட ஆரம்பிச்சா ஒண்ணும் தெரியாது."

அப்படித்தான் இருந்தது. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது பை அசையவில்லை. அன்று அக்கா எஞ்சினைப் பற்றித்தான் பேசினார். ஓட ஆரம்பித்தால் நடுக்கம் தெரியாது என்பதை நான்தான் எனக்காகவும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் அவர் உடனே கியர் போட்டதில்லை. நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டு, ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடிப்பார். பக்தி என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டதற்குச் சிரித்தார். "பக்திதான். சாமி கும்பிட்டு முடிக்கிறதுக்குள்ள ஆயிலும் மேல ஏறிரும். ராத்திரி பூரா கீழ எறங்கிக் கெடந்த ஆயிலு."

திங்கட்கிழமைதோறும் பானட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். ஆயில் மாற்றுவதற்கு வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுவார். நான் புத்தகத்தைக் காட்டினால், "இதை எழுதுனவன் காய்கறி லாரிக்குப் பின்னாடி புழுதி தின்னுக்கிட்டுப் போயிருக்க மாட்டான்" என்பார். காற்று வடிகட்டியையும் அதே காரணத்துக்காக அடிக்கடி கழற்றித் தட்டுவார். பெல்ட் அறுந்து, ஓஸ் வெடித்து, நடுவழியில் நிற்கும் கார்களைக் கடக்கும்போது அவர் ஏளனமாகப் பார்த்ததில்லை. "பாவம், யாரும் தொறந்து பாக்கல" என்று மட்டும் சொல்வார்.

ஒரு மழை நாளில் மூலச்சத்திரம் அருகே வண்டி இழுக்காமல் முக்கியது. "ஒருத்தன் வேலைக்கு வரலை" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஓரம் கட்டினார். டீக்கடை வாசலில் நின்றவர் ஒருவர், "மெக்கானிக்கைக் கூப்பிடவாக்கா?" என்று குரல் கொடுத்தார்.

"மெக்கானிக்குதான்ப்பா நிக்கிறேன். நீ டீயைக் குடி, ஆறிரப் போகுது."

நடு சிலிண்டரின் பிளக்கிலிருந்து ஒயர் கழன்றிருந்தது. ஈரத்தைத் துடைத்து அழுத்தி மாட்டினார். எஞ்சின் பழைய ஆட்டத்துக்குத் திரும்பியது. அந்த ஆட்டம் அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. டீக்கடைக்காரர் இரண்டு டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் வண்டி ஓட்டக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னிடம் லைசென்ஸ் இருந்தது, பழக்கம்தான் குறைவு. சாவியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கூலன்ட் பாட்டில்ல தண்ணி கோட்டுக்குக் கீழ போனா, டிக்கியில கேன் இருக்கு, அதுல உள்ளதை ஊத்து. வேற எதையும் ஊத்திராத."

முதல் வாரமே, எஞ்சினைக் குளிர வைக்கும் அந்தத் தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனது. ஏதோ ஒரு ஓஸில் கசிவு. கேனும் தீர்ந்தது. கடையில் போய்ப் புதிது வாங்கியிருக்கலாம். அன்று அலுவலகத்தில் ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாள், கூடத்தை விட்டுக் கடைக்குப் போய்வர நேரமில்லை. கூடத்தின் பின்புறம் இருந்த போர் குழாயில் ஒரு குவளை பிடித்து ஊற்றினேன். மறுநாளும் குறைந்திருந்தது, மறுநாளும் ஊற்றினேன். மூன்று வாரமும் அப்படியே ஓட்டினேன். அந்தப் போர் தண்ணீரை அதே ஆண்டு பரிசோதித்து, உப்பு மிக அதிகம், பாசனத்துக்கும் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவள் நான்தான். அந்தத் தாளும் இந்தக் குவளையும் ஒரே தண்ணீரைப் பற்றியவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. உப்புத் தண்ணீர் என்றால் எங்களுக்கு அது வயலைக் கெடுப்பது. கார் என் கணக்கில் இல்லை.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்ததும் ஓஸை மாற்றினார். நான் கேன் தீர்ந்ததைச் சொன்னேன், போர் தண்ணீரைச் சொல்லவில்லை. அடுத்த கோடையில், ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னால் வெப்ப முள் சிவப்புக்குப் போய், பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டியைக் கட்டி இழுத்து பேகம்பூரில் காதர் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ரேடியேட்டரைக் கழற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல உள்ளே முழுக்க வெள்ளை. சூட்டில், எஞ்சின் தலையை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "உப்புத் தண்ணி ஊத்துனது யாரு?"

அக்கா என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார்.

"நான்தான் பாய். அவசரத்துல ஊத்திட்டேன்."

"நீங்களா! ஊருத் தண்ணிக்கெல்லாம் சீட்டு எழுதிக் குடுக்குறீங்க, உங்க வண்டிக்கு ஒரு சீட்டு எழுத முடியலையாக்கா?"

"திட்டுங்க பாய், நல்லாத் திட்டுங்க" என்று சிரித்தார் அக்கா.

பேகம்பூரிலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். அக்கா வெளியே தெருவில் பூ வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். சொல்வதற்கு எனக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிறகு இரண்டு ஆண்டுகள் இருந்தன, ஒரு நாளைக்கு இரண்டு பயணம். ஒருமுறை வாயெடுத்தேன். "அக்கா, அந்தத் தண்ணி..." என்றேன். "இந்த வாரம் உங்க தெருவுல வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். அவர் தெரிந்து தடுத்தாரா, தெரியாமல் கேட்டாரா என்பதை இனி அறிய வழியில்லை.

ஹெட் வேலை முடிந்த பிறகு வண்டி முன்போல இல்லை. ஆயில் கொஞ்சம் குடித்தது. விற்றுவிடச் சொன்னார் பாய். "மூணு பேரும் இன்னும் வேலைக்கு வாரானுங்கல்ல? இருக்கட்டும்" என்று அக்கா மறுத்துவிட்டார். திங்கட்கிழமையோடு வியாழக்கிழமையும் சேர்த்து ஆயில் பார்க்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கடைசிவரை அந்த வண்டி ஒருநாளும் எங்களை வழியில் விடவில்லை.

அடக்கத்தன்று நாகல் நகர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. யாரோ அதன் பானட் மேல் காலி டீ டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். காதர் பாய் வந்தார். டம்ளர்களை எடுத்துக் கீழே வைத்தார், தோளில் கிடந்த துண்டால் பானட்டைத் துடைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களிடம், "வண்டி வச்சிருக்கிற ஆளுங்க ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன். இந்த அம்மா மாதிரி ஒருத்தர் பாத்ததில்ல. ஒரே ஒரு தப்புப் பண்ணுனாங்க, உப்புத் தண்ணி ஊத்துனாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கேட்டவர்களும் ஈரக் கண்களோடு சிரித்தார்கள். மூன்றடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. இறந்தவரின் பெயரில் என் தப்பு இரண்டாம் முறை எழுதப்பட்டது.

அக்காவின் நினைவாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலக மலருக்குக் கேட்டபோது, அவருடைய பொறுமை, நேரம் தவறாமை என்று தொடங்கிப் பார்த்தேன். நகரவில்லை. அவரைப் பற்றி உண்மையாக ஒரு வரி எழுத வேண்டுமென்றால் அது இதுதான்: அந்த எஞ்சினுக்கு அருள்மேரி அக்கா ஒரு தவறும் செய்யவில்லை. தண்ணீர் ஊற்றியது நான்.

இப்போது பஸ்ஸில் போகிறேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. நேற்று சேவியர் அண்ணன் போன் செய்தார். ஹெட் வேலை செய்த வண்டியை நல்ல விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள், இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். "செத்த பொறுங்கண்ணே, ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றேன்.

இதை எழுதும்வரை அவரிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. வண்டியை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். சனிக்கிழமை அதை ஓட்டிக்கொண்டு முதலில் பேகம்பூர் போவேன். இந்தக் கட்டுரையை அச்சில் படித்துக் காதர் பாய் தெரிந்துகொள்ளக் கூடாது. என் வாயால், அந்தப் பட்டறையில், அதே இடத்தில் நின்று சொல்வேன். அவர் திட்டட்டும். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு அதில்தான் போவேன்.

விடைபெறுகிறேன், அக்கா. உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். வண்டியில் காலியாக இருக்கப் போவது என் இடம்தான்.