ஏழு என்று கத்தினேன்

போஸ்டர் கலரை அப்படியே உடம்பில் பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிரும், அரிக்கும். குழந்தைகளுக்குத் தடவும் லோஷனைக் கொஞ்சம் கலந்துகொண்டால் ஓர் ஆட்டம் முடியும்வரை தாங்கும். தோல் சிவந்து தடித்து, அம்மாவிடம் திட்டு வாங்கி, கல்லூரி முதல் வருடத்தில் நானாகக் கண்டுபிடித்தது இது. இடது பாதி மஞ்சள், வலது பாதி நீலம். எங்கள் கல்லூரியின் நிறங்கள். நெற்றியில் தொடங்கித் தொப்புள்வரை கோடு நேராக இறங்க வேண்டும். நெஞ்சில் வெள்ளையில் பெரிதாக 7. முதுகுக்கு மட்டும் வகுப்பில் யாரையாவது கெஞ்சி, கல்லூரிக் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போவேன்.

நான் எந்த விளையாட்டும் ஆடியவன் அல்ல. பந்து என் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். மும்பை மாதுங்காவில் பாலக்காட்டுக் குடும்பம், மூன்றாம் மாடி ஃபிளாட், அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வகுப்பில் வருகை எடுக்கும்போது நான் சொல்லும் "பிரசன்ட்" முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. அப்படிப்பட்டவனை ஒருநாள் நண்பன் ஒருவன் கபடி ஆட்டம் பார்க்க இழுத்துப் போனான். அங்கேதான் ஏழாம் எண்காரனை முதன்முதலாகப் பார்த்தேன்.

அவன் எங்கள் கல்லூரி அணியின் முக்கிய ரைடர். எதிரணிக்குள் தனியாகப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய வேலை அவனுடையது. தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியான உடம்பு. ஆனால் ஐந்தாறு பேர் சூழ்ந்து நிற்கும்போது அவன் இடுப்பை ஒடித்துத் திரும்புவதைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். அன்று அவனை ஒருவன் கணுக்காலில் பிடித்துவிட்டான். கேலரி முழுக்க மராத்தியும் இந்தியுமாகச் சத்தம். என் வாயிலிருந்து தமிழில், "விடாத, விடாத, இழு" என்று வந்துவிட்டது. அவன் அந்த ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, யார் அது என்று கேலரியைத் தேடிப் பார்த்தான். நான் கையைத் தூக்கினேன். சிரித்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு முகத்தில் மட்டும் பூசிக்கொண்டு போனேன். அதற்கடுத்ததற்கு உடம்பு முழுவதும். சாயத்துக்குள் இருக்கும்போது மட்டும் எனக்குத் தொண்டை திறந்துகொள்ளும். அவன் ரைடுக்குப் போகும்போதெல்லாம் தமிழில் "ஏழு, ஏழு" என்று தொடங்குவேன். கொஞ்ச நாளில் கேலரி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. மராத்திப் பையன்களுக்கு ழ வராது. "ஏளு, ஏளு" என்பார்கள். என்னவென்றே தெரியாத ஒரு தமிழ்ச் சொல்லை இருநூறு பேர் என் கைவீச்சுக்குக் கத்துவார்கள். அந்தப் பெருமையை எனக்கு விவரிக்கத் தெரியாது. சாயத்தோடு ரயிலில் திரும்பும்போது சட்டையில் ஒட்டிவிடும் என்று ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். லோக்கல் ரயிலில் கை காலை நீட்டி நின்ற ஒரே மாதுங்காக்காரன் நானாகத்தான் இருப்பேன். வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும், "சுவத்துல கையை வெக்காதே, நேரா பாத்ரூமுக்குப் போ" என்று தேங்காய் எண்ணெய் பாட்டிலை நீட்டுவாள்.

அவனும் நானும் நண்பர்கள் ஆனோம் என்று சொல்லலாம். கேன்டீனில் சேர்ந்து டீ குடிப்போம். என் பேச்சைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வரும். "வலிக்கறதா" என்று நான் கேட்டால் "வலிக்கறது, வலிக்கறது" என்று என்னைப்போலவே சொல்லிக் காட்டுவான். ஆனால் நான் அவன் வீட்டுக்குப் போனதில்லை. அவனும் என் வீட்டுக்கு வந்ததில்லை. ரயில் பாதையைத் தாண்டினால் நடந்து போய்விடுகிற தூரம்தான்.

மூன்றாம் வருடம் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். அரையிறுதியில் அவனுக்கு வலது முழங்கால் லேசாகப் பிசகியது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் கேன்டீனில் அதை என்னிடம் சொன்னான். டாக்டர் சில வாரங்கள் ஓடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அணியைப் பார்த்துக்கொள்ளும் சாரிடமும் பேசியாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பானே தவிர இறங்கமாட்டான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு அவனுக்குச் சீக்கிரம் வரவிருந்தது. அதற்குக் கால் வேண்டும்.

"நீ வால. நான் ஆடலன்னாலும் பயலுவளுக்கு நீ கத்துனா தெம்பா இருக்கும்" என்றான்.

வருகிறேன் என்றேன். மறுநாள் காலை நெஞ்சில் வழக்கம்போல 7 எழுதிக்கொண்டேன். ஆடப்போவது அவனில்லை என்று தெரிந்தும் வேறு எண் எழுத மனம் வரவில்லை.

ஆட்டம் செம்பூரில். கேலரி நிரம்பியிருந்தது. முதல் பாதியில் எங்கள் பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். இரண்டாம் பாதியில் ரைடுக்குப் போகிறவன் எல்லாம் பிடிபட்டான். புள்ளி வித்தியாசம் ஏறிக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்தில் எதிரணி ரைடர்களைப் பிடித்துப் பிடித்து மெல்ல நெருங்கி வந்தோம், ஆனால் தொட்டுத் திரும்ப ஆள் இல்லை. எங்கள் பக்கம் சத்தமே அடங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் டோல் மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் உடம்பில் சாயம் வெயிலில் இறுகி இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவன் இந்தியில், இவ்வளவு பூசிக்கொண்டு வந்து இப்படிச் சும்மா நிற்கிறாயே என்றான்.

நான் தடுப்புக் கம்பியின்மேல் ஏறி, "ஏழு" என்று கத்தினேன்.

இரண்டாவது தடவை பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு எல்லோரும். "ஏளு, ஏளு, ஏளு" என்று பலகைகள் அதிர்ந்தன. பெஞ்சில் இருந்த அவன் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தான். மஞ்சளும் நீலமுமாக நிற்கிறவனைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. முழங்காலைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையை விரித்து, வேண்டாம் என்று ஆட்டினான். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கத்தினேன். அந்தச் சத்தத்தை நிறுத்தவும் என்னால் முடிந்திருக்கும். இரண்டு கையையும் கீழே இறக்கிக் காட்டினால் அடங்குகிற கூட்டம்தான் அது. அப்படிப் பலமுறை அடக்கியிருக்கிறேன்.

சார் திரும்பி அவனைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான்.

அவன் போன முதல் ரைடிலேயே இருவரைத் தொட்டான். கடைசி ரைடும் அவனுக்கே வந்தது. மூலையில் நின்றவனைக் காலால் தொட்டுவிட்டு, எப்போதும் போல இடுப்பை ஒடித்துத் திரும்பினான். திரும்பும்போது உடம்பு வந்தது, கால் அங்கேயே நின்றது. விழுந்தவன் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டான். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

எல்லோரும் உள்ளே குதித்தோம். நான்தான் முன்னால். யாரையோ கட்டிப்பிடித்தேன், யாரோ என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலே இருந்துதான் பார்த்தேன்: கோட்டுக்குப் பக்கத்தில் அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. சார் அவன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். அவன் வாயில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். என்னை இறக்கிவிடுங்கள் என்று சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

முழங்காலில் ஜவ்வு முழுதாகக் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் நடந்தது. வேலைக்கான தேர்வு அவன் கட்டிலில் இருக்கும்போதே வந்து போனது. கல்லூரியில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஜெயித்த ஆட்டத்தைப் பற்றியே பேசினார்கள். கோப்பையோடு அணி நிற்கும் படத்தில் என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். நின்றேன்.

அவன் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது அதற்குப் பிறகுதான். வழி கேட்டுக் கேட்டுப் போனேன். மாடிக்கு இரும்பு ஏணி வைத்த வீடு. ஏணி ஏற முடியாததால் அவனைக் கீழறையிலேயே படுக்க வைத்திருந்தார்கள். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டார்.

"மேலெல்லாம் சாயம் பூசிட்டு வந்து கத்துத பிள்ளை நீதானா? சாயமில்லாம வேற மாதிரி இருக்கியே. இரு, சாப்பிட்டுத்தான் போவணும்."

தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே தன் வருத்தத்தைச் சொன்னார். மகன் காலைத் தொடும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறான், ராத்திரியில் தூங்குவதில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒரு விசயம் சொல்லு தம்பி. முடியாதவன எறங்கு எறங்குன்னு கத்துனானுவளாமே, அது யாருப்பா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து அவன் சொன்னான். "கூட்டம்மா. ஊரே கத்திச்சு. யாருன்னு சொல்ல?"

அந்த அம்மா பெருமூச்சு விட்டு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். சாப்பிட்டேன். மறுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்.

கட்டுப் பிரித்த பிறகு அவனுக்குச் செம்பூரில் பிசியோதெரபி. நானே கூட்டிப் போகிறேன் என்றேன். குர்லாவில் இறங்கி வண்டி மாறும்போது அவன் ஒரு கையால் ஊன்றுகோலையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொள்வான். படிக்கட்டில் கூட்டம் இடித்தால் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். சாயம் இல்லாமலே எனக்குச் சத்தம் வந்தது. இப்படியே கொண்டுபோய்க் கொண்டுவந்தால் ஒருநாள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எது சரியாகிவிடும் என்று யோசிக்கவில்லை.

மழை தொடங்கியிருந்த ஒரு நாள், சிகிச்சை முடிந்து திலக் நகர் பக்கமாக ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். அவன் திடீரென்று கேட்டான்.

"அன்னைக்கு நான் கை காட்டுனேன்ல. வேண்டாம்னு. நீ பாத்தியா?"

கூட்டத்தில் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லிவிடமாட்டேனா என்ற ஆசைகூட அவன் குரலில் இருந்தது. கத்தியதற்கு மேல் ஒரு பொய்யையும் சேர்க்க எனக்குத் தெம்பில்லை.

"பார்த்தேன்" என்றேன்.

அவன் தலையாட்டினான். ஆட்டோவின் ஓரம் வழியாகச் சாரல் அவன் காலில் அடித்தது. நான் பையை எடுத்து மறைத்தேன்.

"பாக்கலன்னா பரவாயில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "எறங்குனது நான்தான். உன்னையச் சொல்லி என்ன செய்ய? ஆனா இனி நீ வராண்டாம். உன்னையப் பாத்தா எனக்கு நீ அந்தக் கம்பிமேல நின்னதுதான் தெரியுது. அம்மாட்ட எதுவும் சொல்லிராத. ஒம்மேல ரொம்ப இஷ்டமா இருக்கா."

வீட்டுவரை கொண்டுபோய் விட்டேன். அவன் அம்மா டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவசர வேலை என்று பொய் சொன்னேன். திரும்பி நடக்கும்போது, அடுத்த வாரம் வர வேண்டியதில்லை என்ற நினைப்பில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. கத்தியதைவிட, அந்த நிம்மதிக்காகத்தான் இன்றும் என்னைப் பார்த்துக் கூசுகிறேன்.

கல்லூரி முடிந்தது. எனக்கு வாஷியில் ஓர் ஆபீஸில் வேலை. அதன் பிறகு எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை. அம்மா ஒருமுறை, "இப்பல்லாம் பெயின்ட் பூசிக்கறதில்லையாடா?" என்று கேட்டாள். வயசாகிவிட்டது என்றேன். சிரித்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

போன வருடம் வாஷி ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். கூரியர் கம்பெனி குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறானாம். கொஞ்சம் பருத்திருந்தான். மறைந்துகொள்ளலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவனே, "ஏல" என்று கூப்பிட்டான். நான் ஏன் வருவதில்லை என்று அவன் அம்மா அடிக்கடி கேட்பதாகச் சொன்னான். எனக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறானாம்.

பிளாட்பாரத்துக்குப் போகும் படிக்கட்டில் அவன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, வலது காலைப் பின்னால் இழுத்து வைத்து ஏறினான். நான் பக்கத்தில் நடந்தேன். மேலே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நீ ஓடு, உனக்குக் கெடைக்கும்" என்றான்.

"அடுத்ததுல போகலாம்" என்றேன்.

"என்னால எதுக்கு நிக்கே? போ."

நான் போகவில்லை. அவனும் மறுபடி சொல்லவில்லை. நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது வண்டி புறப்பட்டிருந்தது. காலியான பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் குடோனில் நடக்கும் சண்டைகளைச் சொன்னான், நான் என் மேனேஜரைப் பற்றிச் சொன்னேன். அவன் ஒரு கையால் முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினான். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அடுத்த வண்டி கூட்டமாக வந்தது. முதலில் அவனை ஏற்றிவிட்டு, பின்னால் தொங்கிக்கொண்டு நானும் ஏறினேன்.