பிளாஸ்டிக் மணிக்கூடு

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அகதிகளாகக் குடியேறிய எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரே அயலவள் இங்கர். என் பிறந்தநாளுக்கு அவள் ஒரு பிளாஸ்டிக் கைமணிக்கூடு தந்தாள். அகதிக்கு இது போதுமென்று நினைத்தாளாக்கும் என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் முன்னாலேயே அதை என் சின்ன மகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன்.

என் கணவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"இஞ்சேரும், இது சுவிஸ் மணிக்கூடு. ஜப்பான்காரரின்ர மலிவு மணிக்கூடுகளால நொடிஞ்சுபோன சுவிஸ் கொம்பனியை இதுதானாம் திரும்ப எழுப்பினது. சனம் தேடித் தேடி வாங்குது."

அப்போதுதான் இங்கரின் கையைக் கவனித்தேன். அதே மணிக்கூடு. தனக்கு வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கியிருக்கிறாள்.

"பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அவளே வைத்திருக்கட்டும்" என்று டேனிஷில் சொல்லி, மகளின் கையில் அதைக் கட்டிவிட்டாள். வெட்கத்தோடு அவளுக்குத் தேநீர் ஊற்றப் போனேன்.

இப்போதெல்லாம் யாராவது பரிசு தந்தால், பொருளைப் பார்க்குமுன் தந்தவரின் முகத்தைப் பார்க்கிறேன்.